கடற்கரைத் தெருவுக்கு மாநகராட்சி செய்யும் வேலை: எது நிற்கிறது, எது அரிக்கிறது

திருவான்மியூர் வால்மீகி நகரில் தொடங்கி கோட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று தெற்கே நீளும் பட்டைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் முதுகெலும்பு மாதிரி சற்று மேடாக ஓடுகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. இரண்டு பக்கமும் மணல்தான். கோட்டிவாக்கத்திலிருந்து தெற்கே உள்ளவை 2011 அக்டோபர் வரை ஊராட்சிகள். சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சேர்ந்த 42 உள்ளாட்சிகளில் இவையும் அடக்கம். இன்று வால்மீகி நகர் அடையாறு மண்டலத்தில் (13), கோட்டிவாக்கமும் பாலவாக்கமும் பெருங்குடியில் (14), நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் சோழிங்கநல்லூரில் (15). மணல் ஒன்று, மண்டல அலுவலகம் மூன்று.

இங்கே நடக்கும் வடிகால், சாலை, நடைபாதை, விளக்கு, பூங்கா வேலைகளைத் தரம் பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட நாம் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: மணலையும் உப்புக்காற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா? தி. நகரின் களிமண்ணுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து நீலாங்கரையில் விரித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு இனமும் சாட்சி.

மழைநீர் வடிகால்: ஐந்துக்கு இரண்டு

முதலில் பெரிய இனம். கோவளம் வடிநிலப் பகுதிக்கான மழைநீர் வடிகால் திட்டம், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனுதவியோடு எம்1, எம்2, எம்3 என்று மூன்று கூறாக வகுக்கப்பட்டது. உள்பக்கத் தாழ்நிலங்களுக்கு, அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர்களுக்கு, வடிகால் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சண்டை வந்தது கடலோரத்தை ஒட்டிய எம்3 கூறில். மணல் தானே குடித்துக்கொள்ளும் நீரைக் கான்கிரீட் பெட்டி கட்டிக் கடலுக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று குடியிருப்போர் கேட்டார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது.

அந்தக் கேள்வியில் நியாயம் எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத் தெருவின் பரப்பு 1,200 சதுர மீட்டர். 100 மி.மீ. மழை பெய்தால் அதன்மேல் விழுவது 1,20,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி பத்து. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. என்று வைத்தால் ஒரு தெரு வருஷத்துக்கு 140 லாரித் தண்ணீரை வாங்குகிறது. இதில் வீட்டு மாடிகளைச் சேர்க்கவில்லை. கோடையில் அதே தெருவுக்குள் லாரி வந்து நிற்பதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான கணக்கு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கடலோர மணலில் நல்ல நீர் உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025, நல்ல நீர் 1.000. இந்தச் சிறு வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு காலப்போக்கில் 40 மீட்டர் ஏறி வரும். ஆழமான வடிகால் வெட்டி நிலத்தடி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கடலுக்குக் கசிய விடுவது, குடத்தின் அடியில் ஓட்டை போடுகிற வேலை. சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987லேயே வந்துவிட்டது, மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். வீட்டுக்காரரிடம் நீரைச் சேமி என்கிற அரசு, தெருவில் மட்டும் அதை வழியனுப்பி வைக்கக் கூடாது.

அப்படியானால் வடிகாலே வேண்டாமா? வேண்டும், சில இடங்களில். இரண்டு பக்கமும் காம்பவுண்டு முதல் காம்பவுண்டு வரை தார் போட்டு, காலி மனையெல்லாம் வீடாகிவிட்ட தெருவில், மணல் குடிப்பதற்கு வாயே இல்லை. பக்கிங்காம் கால்வாய்ப் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் நீர்மட்டம் மேலேயே நிற்பதால் ஊறவும் இடமில்லை. அங்கெல்லாம் வடிகால் அவசியம். கடல் பக்கத்துத் தெருவுக்கு ஏற்றது அடிப்பலகை இல்லாத ஊறல் வடிகால், அல்லது வரிசையாக ஊறல் கிணறுகள். மணற்பாங்கான மண் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் குடிக்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள துளையிட்ட சிமென்ட் உறைகளை 12 முதல் 15 அடி ஆழம் இறக்கி, அடியைப் பூசாமல் விட்டு, மேலே ஒரு வண்டல் தொட்டி வைத்தால் போதும். நீர்மட்டம் எட்டடியில் நிற்கும் தெரு என்றால் ஆழத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். நீருக்குள் இறக்கிய உறையால் பயனில்லை, தெருவின் எண்ணெயும் அழுக்கும் நேரே நிலத்தடி நீரில் கலக்கும்.

ஊறல் கிணறு கெடுவது எப்போதும் மேல்பக்கத்தில்தான். தார்த் தூசி, இலை, பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து வாயில் ஒரு மெல்லிய தகடு மாதிரி படியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், மேலுள்ள 15 செ.மீ. கூழாங்கல்லை அள்ளிக் கழுவிப் போட்டால் மறுபடி குடிக்கும். இந்த வேலை யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் மூன்றாவது வருஷம் அது கொசுத் தொட்டி.

இனிப் பெட்டி வடிகால் கட்டத்தான் போகிறார்கள் என்றால், கடற்கரையில் மூன்று இடங்களில் கோட்டை விடுவது வழக்கம்.

முதலாவது, சரிவு. 300 மீட்டர் நீள வடிகாலுக்கு 500க்கு 1 சரிவு கொடுத்தால் கடைசியில் 60 செ.மீ. இறங்க வேண்டும். தலைப்பில் ஏற்கெனவே 90 செ.மீ. ஆழம் என்றால், நீர் வெளியேறும் வாய்க்கடை 1.5 மீட்டர் ஆழத்தில் போய் நிற்கும். சென்னைக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்தான் என்றாலும், புயல் நேரத்தில் அலை ஏறும்போது அந்த வாய்க்கடை வழியே கடல் உள்ளே வரும், மணலைக் கொண்டுவந்து அடைத்துவிட்டும் போகும். சரிவைக் குறைத்தாலோ ஓட்டம் மந்தமாகி, காற்று கொண்டுவரும் மணல் உள்ளேயே படுத்துவிடும். மற்ற ஊரில் வடிகாலில் வண்டல் தூர் வாருகிறோம். இங்கே வாருவது கடற்கரை மணல். இந்த இரண்டு சங்கடத்துக்கும் நடுவே ஆழத்தைக் கணக்கிட்டுச் சொல்கிற நீளவெட்டு வரைபடம் இல்லாமல் பொக்லைன் இறங்கினால், வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டாவது, கான்கிரீட். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டு நிற்கும் கான்கிரீட்டை 'கடுமை' வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 தரம், கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், நீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடல் வேண்டும். அலைத்தூறல் நேரே விழும் கடைசி வீட்டு வரிசை 'மிகக் கடுமை': எம்35, 340 கிலோ, 50 மி.மீ. தளத்தில் கம்பி கட்டுகிறவரின் கைப்பழக்கம் வீட்டு ஸ்லாபுக்கான 20, 25 மி.மீ. கவர் பிளாக்கில் (மூடல் கிடைக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் கட்டி) இருக்கும். அந்த 20 மி.மீ. வித்தியாசம்தான் வடிகாலின் ஆயுள். உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்தே உரியும். கம்பிக் கூடு கட்டிய பிறகு, கான்கிரீட் கொட்டும் முன், ஒரு டேப்பை வைத்து அளந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் குளோரைடு உள்ள நீர் ஆகாது. கடலோர போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். அதில் கலவை போட்டால் உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டுகிறோம். கட்டிய கான்கிரீட்டை நனைத்துப் பதப்படுத்தவும் (க்யூரிங்) அதே தண்ணீர் கூடாது. சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 10 நாள் நனைய வேண்டும், 14 நாள் என்றால் இன்னும் நல்லது. கடல் காற்றில் ஈரச் சாக்கு அரை நாளில் காய்ந்துவிடும் என்பதால் காலையும் மாலையும் ஒரு ஆள் வேண்டும். மறுநாளே பலகையைப் பிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிற குழுவிடம் இதை எதிர்பார்ப்பது கஷ்டம்தான்.

மூன்றாவது, மூடி. ஐ.எஸ். 12592 கான்கிரீட் மூடிகளை 2.5 டன், 10 டன், 20 டன், 35 டன் என நான்கு தரமாகப் பிரிக்கிறது. நடைபாதை நடுவே 2.5 டன் மூடி போதும். வீட்டு வாசலில் தண்ணீர் லாரி ஏறி இறங்கும் இடத்தில் அதைப் போட்டால் முதல் கோடையிலேயே உடையும். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். வாசலுக்கு 20 டன் தரம் கேளுங்கள். தரம் மூடியின் மேலேயே அச்சில் இருக்கும்.

பள்ளம் தோண்டும்போது நடப்பதையும் சொல்லிவிட வேண்டும். மணல் செங்குத்தாக நிற்காது. ஒரு மீட்டருக்குக் கீழே நீர் வந்ததும் பம்பு வைத்து இறைப்பார்கள். இறைக்க இறைக்க நீரோடு மணலும் வெளியேறும், பக்கத்துக் காம்பவுண்டு சுவருக்கு அடியில் பொந்து விழும், இரண்டு வாரம் கழித்துச் சுவரில் குறுக்கே விரிசல் ஓடும். இரும்புத் தகடு அடித்து, ஒரே நேரத்தில் 20 மீட்டருக்கு மேல் திறக்காமல், பள்ளத்தின் ஓரத்தில் மண்ணைக் குவிக்காமல் செய்தால் இது வராது. வேலை தொடங்கும் முன் உங்கள் சுவரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு வரும் வாக்குவாதத்தில் அது ஒன்றே பேசும்.

சாலை: மூன்று

சாலை வேலையில் சமீப ஆண்டுகளில் ஏற்பட்ட நல்ல மாற்றம் சுரண்டிப் போடுவது. பழைய தாரின்மேல் புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை வீட்டைவிட உயர்வதைத் தடுக்க, 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே மறுதளம் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். 40 மி.மீ. தளம் நான்கு முறை ஏறினால் 16 செ.மீ. உயரம், அதாவது ஒரு படிக்கட்டு. ஊராட்சிக் காலத்து வீடுகள் பலவற்றில் கேட்டைத் திறந்தால் உள்ளே இறங்க வேண்டியிருப்பது இதனால்தான். மில்லிங் இயந்திரம் வந்ததா, சுரண்டிய ஆழம் எத்தனை என்பதை உங்கள் கேட்டின் கீழ்ப்பட்டைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்தே சொல்லிவிடலாம்.

தார் கலவை லாரியிலிருந்து விழும்போது வி.ஜி. 30 ரகத் தாருக்கு 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. உருளை ஓட்டி முடிப்பது 90 டிகிரிக்கு மேலிருக்கும்போதே நடக்க வேண்டும். இரவு வேலை, கடல் காற்று, மெல்லிய தளம் மூன்றும் சேர்ந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். கலவை லாரி வரிசையில் காத்திருந்துவிட்டு வந்தால் மேலே கட்டி கட்டியாக நிற்கும். அதை உருளையால் நசுக்கினால் அன்றைக்கு வழுவழுப்பாகத் தெரியும், முதல் மழைக்குப் பிறகு ஜல்லி தனியாக வரும். இதைவிடக் கடற்கரைக்கே உரிய கோளாறு ஒன்று: பழைய தளத்தோடு புதுத் தளம் ஒட்டுவதற்கான ஒட்டுத்தார் தெளிப்பதற்கு முன் மணலைக் கூட்டித் தள்ளினாலும், அரை மணி நேரத்தில் காற்று மறுபடி ஒரு படலத்தைக் கொண்டுவந்து தூவிவிடும். ஒட்டுத்தார் மணலைப் பிடித்துக்கொள்ளும். தளம் பாய் மாதிரிப் பெயர்ந்து வரும். கூட்டியதும் தெளிப்பது, தெளித்து நிறம் மாறியதும் போடுவது என்று இடைவெளி விடாமல் செய்வது ஒன்றே வழி.

நடுமேடு 2.5 சதவீதம் வேண்டும். 6 மீட்டர் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 7.5 செ.மீ. உயர்ந்திருந்தால் சரி. சிறு தெருக்களுக்குக் கான்கிரீட் சாலை கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: அது உழைக்கும், ஆனால் துளி நீரையும் விடாது, ஒரு குழாய் உடைந்தால் வெட்டிய வடு கடைசி வரை இருக்கும்.

வேலைகளின் வரிசைதான் உண்மையான வியாதி. கழிவுநீரும் குடிநீரும் குடிநீர் வாரியம், கேபிள் மின்வாரியம், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு, உள்தெருவும் வடிகாலும் விளக்கும் மாநகராட்சி. ஆழமானது முதலில் என்பதுதான் சரியான முறை: கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், கேபிள், வடிகால், பிறகு சாலை, கடைசியாக நடைபாதை. புதுச் சாலை போட்ட மூன்றாம் மாதம் கழிவுநீர் இணைப்புக்கு வெட்டினால், மணலில் அந்த வெட்டு நிச்சயம் அமுங்கும். வெட்டியதை மூடும்போது மணலை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, நீர் விட்டு, தகட்டு அதிர்வியால் இறுக்க வேண்டும். ஒரே தள்ளாகத் தள்ளி மேலே ஜல்லி கொட்டுவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம்.

நடைபாதை: ஒன்றரை

இந்திய சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 103 சொல்வது எளிமையானது. குடியிருப்புத் தெருவில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டர், உயரம் 150 மி.மீ.க்கு மேல் வேண்டாம், சாய்தளம் 12க்கு 1. இப்போது 20 அடித் தெருவில் இதைப் பொருத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் போனால் மிச்சம் 2.5 மீட்டர். ஆகவே பாதியை வெட்டி 90 செ.மீ. நடைபாதை, அதில் ஒரு மின்கம்பம், ஒரு கேபிள் பெட்டி, வீட்டுக்கு வீடு கார் ஏறும் சரிவு. யாரும் நடக்க மாட்டார்கள், நடக்கவும் முடியாது. 30 அடிக்குக் குறைந்த தெருவில் நடைபாதையே கட்டாமல், வண்டி மெதுவாகப் போகும்படி வேகத்தடை மட்டும் ஒழுங்காகப் போடுவது மேல். ஒழுங்கான வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், முதுகை உடைக்கும் அந்த ஒரு முழ மேடு அல்ல.

வடிகால் மூடியையே நடைபாதையாக்கும் பழக்கம் இன்னும் மோசம். வடிகாலின் மேல்தளம் சாலையைவிட ஒன்றரை அடி உயர்ந்து நின்றால் முட்டி வலிக்காரர் ஏறுவாரா?

பேவர் பிளாக் மணல் பூமிக்கு நல்ல தோழன்தான், சரியாகப் பதித்தால். இடுக்கு வழியே நீர் இறங்கும், வெட்டினால் எடுத்து மறுபடி பதிக்கலாம். நடப்பதற்கு மட்டும் 50 மி.மீ., கார் ஏறும் வாசலில் 60 அல்லது 80 மி.மீ. கனம். அடியில் இறுக்கிய 15 செ.மீ. ஜல்லிக் கலவை, அதன்மேல் நீரை விட்டு மணலைத் தடுக்கும் ஒரு ஜியோடெக்ஸ்டைல் துணி, 30 மி.மீ. மணல் படுக்கை, பிறகு கல். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட்டில் பதித்த கர்ப் கல் இல்லாவிட்டால் முழு வரிசையும் மெல்ல விரியும். கடலோரத்தில் செய்யும் தவறு, 'ஏற்கெனவே மணல்தானே இருக்கிறது' என்று ஜல்லிப் படுக்கையை விட்டுவிடுவது. கடல் மணலின் பரல்கள் ஒரே அளவில் உருண்டையாக இருப்பதால் இறுகாது, மழையில் ஓடும். இன்னொன்று, இடுக்கில் சிமென்ட் பூசுவது. புல் முளைக்காது என்று செய்கிறார்கள். நீரும் இறங்காது, ஒரு கல் அமுங்கினால் பக்கத்தில் நாலு கல் உடையும்.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் விட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே சொல்லியிருக்கிறது. பூவரசும் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும், நிழலும் தரும். அவற்றின் கழுத்தை பேவர் கல்லால் நெரித்துவிட்டு, அடுத்த புயலில் சாய்ந்தது என்று கணக்கு எழுதுவது வீண்.

விளக்கு, இரும்பு, ஆமை

கம்பத்தின் ஆயுளைத் துத்தநாகப் பூச்சு தீர்மானிக்கிறது. சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த தடித்த இரும்பில் பூச்சு 85 மைக்ரான் அளவில் இருக்கும். கடலோரக் கடும் அரிப்புச் சூழலில் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் கரையும். கணக்குப் போட்டால் பத்திலிருந்து இருபது வருஷம். அடிப்பலகையிலும் கம்பத்தின் கதவு விளிம்பிலும்தான் முதலில் சாகும், ஏனென்றால் துளை போட்டும் வெல்டு வைத்தும் பூச்சை எரித்துவிட்ட இடங்கள் அவை. வெல்டு வேலை முடிந்த பிறகே முக்கியெடுக்க வேண்டும். தளத்தில் வெட்டினால் துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். அலுமினிய நிறப் பெயின்ட் அதற்கு ஈடாகாது, கண்ணை ஏமாற்றும் அவ்வளவுதான்.

பூங்காவில் வைக்கும் உடற்பயிற்சிக் கருவிகள், கைப்பிடிகள் விஷயத்தில் 'எஸ்.எஸ்.' (துருப்பிடிக்காத எஃகு) என்று மட்டும் டெண்டரில் எழுதினால் 304 ரகம் வரும். உப்புக்காற்றில் அது சில மாதத்திலேயே தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறும். மாலிப்டினம் கலந்த 316 வேண்டும் என்று எண்ணோடு எழுத வேண்டும். 316 கம்பிக்குச் சாதா இரும்பு போல்ட்டு போட்டால் போல்ட்டு முதலில் கரைந்து, கருவி ஆடத் தொடங்கும்.

உப்புக்காற்று கட்டுமானத்தை எப்படித் தின்னும் என்று நேரில் பார்க்க வேண்டுமானால் எலியட்ஸ் கடற்கரையின் கார்ல் ஷ்மித் நினைவு மண்டபத்துக்குப் போகலாம். 1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியது. உரிவதும் சீரமைப்பதுமாகவே அதன் வரலாறு நகர்கிறது.

கடற்கரை விளக்கில் வெளிச்சம் அதிகம் என்றால் நல்ல வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஜனவரி முதல் பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். ஏறத்தாழ 45 முதல் 50 நாளில் குஞ்சு பொரியும். இருட்டில் கடல்தான் பளிச்சென்று தெரியும் என்பதே குஞ்சுக்குத் தெரிந்த திசை. வெள்ளை எல்.இ.டி. எரிந்தால் அது தெருவை நோக்கி நடக்கும். மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988லிருந்து இந்தக் கரையில் இரவு நடை போகிறது. மாநகராட்சி செய்ய வேண்டியது சிறிய காரியம்: கடலைப் பார்க்கும் விளக்குக்குப் பின்பக்கத் தடுப்பு, வெள்ளைக்குப் பதில் ஆம்பர் நிறம், பருவத்தில் நள்ளிரவுக்குப் பின் அணைக்க நேர ஸ்விட்ச். உயர்கோபுர விளக்கு கேட்டு மனு எழுதும் நலச்சங்கங்கள் இதை ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

மணலைச் சுத்தம் செய்யும்போதும் ஒரு கவனம் வேண்டும். அடம்பங்கொடி, ராவணன் மீசை என்ற கடற்கரைச் செடிகள் குப்பை அல்ல. அவை பிடித்து வைத்திருப்பதால்தான் மணல்மேடு நிற்கிறது. இயந்திரத்தால் வழித்தெடுத்தால் அந்த மணல் தெருவுக்கும் வடிகாலுக்கும் வரும், பிறகு அதை அள்ளத் தனி டெண்டர்.

மரச் சாய்தளம்: நான்கு

நகரின் கடற்கரைகளில் மாநகராட்சி செய்தவற்றில் மனதாரப் பாராட்டத் தக்கது மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை. மெரினாவில் 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில், 1.14 கோடி ரூபாய் செலவில் 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் கடல் பக்கத்து முனையைப் பெயர்த்தது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். பெசன்ட் நகரிலும் பிறகு ஒன்று வந்தது. கோட்டிவாக்கம், நீலாங்கரைப் பக்கம் அப்படி ஒன்று கேட்கிறவர்கள் மாண்டஸ் கற்றுத்தந்ததையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: அலைப் பக்கத்துக் கடைசிப் பகுதி பருவமழைக்கு முன் கழற்றி வைக்கும்படி தனித் துண்டுகளாக இருக்கட்டும். பலகைகளுக்கு நடுவே ஒரு செ.மீ.க்குக் குறைவான இடைவெளி விட்டால் மணல் கீழே உதிரும், சக்கரமும் சிக்காது. பலகை சக்கர ஓட்டத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும். திருகாணி 316. தினமும் மணல் கூட்ட ஒரு ஆள், நுழைவாயிலில் பைக் ஏறாதபடி ஆனால் சக்கர நாற்காலி நுழையும்படி ஒரு தடுப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி இல்லாமல் ஆணி அடிக்க முடியாது என்பதால் கோரிக்கைக்கும் திறப்புக்கும் நடுவே காலம் பிடிக்கும்.

குப்பத்து மக்களைக் கேட்காமல் இதன் இடத்தைக் குறிக்கவே கூடாது. கட்டுமரமும் படகும் ஏற்றும் வழி, வலை காயும் இடம் எது என்று வரைபடத்தில் இருக்காது.

புகார்ச் சேவை: மூன்று

1913 எண்ணும் நம்ம சென்னை செயலியும் வேலை செய்கின்றன, எதைச் சொல்வது என்று தெரிந்தால். விளக்கு எரியவில்லை, மூடி உடைந்தது, குப்பை எடுக்கவில்லை போன்றவை விரைவாக முடியும். கம்ப எண்ணையும் கதவு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். 'தெருவில் தண்ணீர் தேங்குகிறது' என்று மொத்தையாக எழுதினால் ஒரு பம்பு வந்து இறைத்துவிட்டுப் புகார் முடிந்தது என்று போய்விடும். 'இந்தக் கதவு எண் முதல் இந்தக் கதவு எண் வரை 20 செ.மீ. ஆழம், மழை நின்று ஆறு மணி நேரம் கழித்தும் இருக்கிறது, பக்கத்து வடிகால் நுழைவாய் சாலையைவிட 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது' என்று எழுதினால் அது பொறியாளரிடம் போகும். கழிவுநீர் என்றால் மாநகராட்சி எண் வேண்டாம், குடிநீர் வாரியத்தின் 1916. மின்சாரம் என்றால் மின்னகம், 94987 94987. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் ஓடுகிறது என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

புதிதாக ஏதாவது வேண்டுமென்றால், வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதல் கூட்டங்கள் நடந்தன. அங்கே தீர்மானமாகப் பதிவானது மண்டல அலுவலகத்தில் தனி மனுவைவிடக் கனமானது. நலச்சங்கத்திடம் பணம் இருந்தால் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டி, மிச்சத்தை அரசிடம் வாங்கலாம். ஊறல் கிணறு, சிறு பூங்கா மாதிரியான வேலைகளுக்கு இது பொருந்தும். வடிகால் மாதிரிப் பெரிய வேலைக்குப் போக வேண்டாம், பராமரிப்பும் தலையில் விழும்.

நடந்து முடிந்த வேலையில் சந்தேகம் இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டி மண்டலப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாள் கெடு. 'ஏன் தரமில்லை' என்று கேட்டால் பதில் வராது, ஆவணம் கேளுங்கள். வேலையின் பெயர், மதிப்பீட்டு நகல், ஒப்பந்தத்தில் கண்ட குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அளவுப் புத்தகத்தில் உங்கள் தெருவுக்கான பக்கங்கள், 150 மி.மீ. கனசதுரங்களின் 28 நாள் சோதனை முடிவு. 16 முதல் 30 கனமீட்டர் வரை கொட்டிய கான்கிரீட்டுக்கு மூன்று மாதிரிகள், ஒரு மாதிரிக்கு மூன்று கனசதுரம், ஆக ஒன்பது கட்டிகளின் கணக்கு இருக்க வேண்டும். பொறுப்புக் காலம் முடிய எத்தனை மாதம் மிச்சம் என்று அந்தத் தாளிலேயே தெரியும். மூடி உடைந்ததையும் பேவர் அமுங்கியதையும் அதற்கு முன் பதிவு செய்தால் ஒப்பந்ததாரர் செலவு, பின் என்றால் அடுத்த டெண்டர்.